இடது கண்ணாடியில் தெரியும் இடம்

பெயர்: ஃபுல்வியா சூலியானி
வயது: 47
தொழில்: மருந்தாளுநர்
இருப்பிடம்: மானியாகோ, ஃப்ரியூலி மாகாணம்
பதிவு செய்தவர்: நிலைய அதிகாரி ஸ்பதவேக்கியா, கிராதோ

நான் மேற்கண்ட ஊரில் என் கணவர் துல்லியோ பெல்த்ராமே, வயது 58, என்பவருடன் வசித்து வருகிறேன். அவர் கத்தரிக்கோல் செய்யும் பட்டறையில் மேற்பார்வையாளர். நான் ஊர் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். எங்கள் ஒரே மகள் அலிதா உதினேயில் இருக்கிறாள். அவளுக்குப் பல் முளைக்கும் பருவத்தில் ஓர் ஆண் குழந்தை இருக்கிறது. இன்று மதியம் என் கணவர் திருட்டுப் போனதாகப் புகார் கொடுத்த கேம்பர் வண்டியை எடுத்துச் சென்றது நான்தான். வண்டி எங்கள் இருவர் பெயரிலும் பதிவாகியிருப்பதால் இதில் திருட்டு இல்லை என்றும், ஏன் எடுத்தேன் என்பதை மட்டும் சொன்னால் போதும் என்றும் நிலைய அதிகாரி கூறினார். அதைச் சொல்கிறேன்.

மேற்படி வண்டி 1998ஆம் ஆண்டு தயாரிப்பு. உள்ளே படுக்கையும் அடுப்பும் குளிர்பெட்டியும் உண்டு; நீளம் ஏழு மீட்டர்; ஓட்டுநர் இருக்கை இடது பக்கம். கேம்பர் வைத்திருக்கும் எல்லாத் தம்பதிகளையும் போலத்தான் நாங்களும். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மனைவி இறங்கிவிட வேண்டும். நான் வண்டியின் பின்புற இடது மூலையிலிருந்து இரண்டு எட்டு தள்ளி, ஓட்டுபவருக்கு இடது பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நிற்பேன். வலது கையை மேலே தூக்கினால் அவர் நிறுத்த வேண்டும். எங்களுக்குள் விதி ஒன்றுதான். கண்ணாடியில் நான் தெரியவில்லை என்றால் அவர் உடனே பிரேக்கை அழுத்த வேண்டும். கல்யாணமான புதிதில் வாடகை வண்டி எடுத்துச் சென்றபோது அவரே சொன்ன விதி அது. நிறுத்துமிடங்களில் மற்றவர்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். நாங்கள் ஒரு முறையும் இடித்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

சென்ற செப்டம்பரில் கவாத்ஸோ ஏரிக்கரை முகாமில் மழைத் தூறலில் வண்டியைப் பின்னால் எடுத்தோம். நான் சிவப்பு மழைக்கோட்டு அணிந்து வழக்கமான இடத்தில் நின்றேன். கையைத் தூக்கினேன். வண்டி நிற்கவில்லை. பெயரைச் சொல்லிக் கத்தினேன், அதன் பிறகு பக்கவாட்டில் தாவினேன், அதன் பிறகு வண்டி தண்ணீர்க் குழாய்க் கம்பத்தில் மோதி நின்றது. கணவர் இறங்கி வந்து, "நீ எங்க போய் நின்ன? கண்ணாடியிலேயே நீ இல்லையே!" என்றார். "எப்பவும் நிக்கிற இடத்துலதான் நின்னேன்" என்றேன். "நின்னிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?" என்றார். பக்கத்து வண்டிக்காரர் கிராப்பா மது கொண்டுவந்து கொடுத்தார். கணவர் கிளாஸை வாங்கி, சிந்துவதற்குள் என் கையில் கொடுத்துவிட்டார். நான் கண்ணாடியில் இல்லை என்றால் அவர் நிறுத்தியிருக்க வேண்டுமே என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தவறான இடத்தில் நின்றுவிட்டேன் என்றே குளிர்காலம் முழுவதும் நம்பினேன்.

அதன் பிறகு அவர், "இனிமே நீ மழையில இறங்க வேணாம், நல்ல கேமரா மாட்டிடலாம்" என்றார். வண்டி வாங்கும்போதே பின்னால் ஒரு கேமரா இருந்தது. அதன் திரை பெட்டி போலக் கனமான கறுப்பு வெள்ளைத் திரை. மழை பெய்தால் கேமராக் கண்ணாடிக்குள் நீர் கோத்துக்கொள்ளும். தெரிவது ஆளா மரமா என்று சொல்ல முடியாது. அதைக் கழற்றிவிட்டு இரண்டு கண் உள்ள புதிய கேமராவை வாங்கினார். ஒரு கண் தூரத்துச் சாலையைப் பார்க்கும், மற்றொன்று பம்பருக்குக் கீழே தரையைப் பார்க்கும். எங்கள் கேம்பர் சங்கத்து நண்பர் நெரேயோவின் கொட்டகையில் வைத்து இருவரும் மாட்டினார்கள். பழைய வயரின் நுனியில் புதிய வயரைக் கட்டி, மேல் அலமாரிகளின் பின்னால் வழியாக முன்பக்கம் வரை இழுத்தார்கள். அலமாரிகளுக்குள் கையை விட்டு வயரைத் தள்ளிக் கொடுத்தது நான்தான்.

அப்போது கணவர், வண்டியின் பக்கவாட்டிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும் கேமரா ஒன்றையும் பையிலிருந்து எடுத்தார். அதை இடது பக்கம் மாட்டச் சொன்னார். நெரேயோ சிரித்தார்.

"யோவ் துல்லியோ, ஊர்ல எல்லாரும் இதை வலது பக்கம்தான்யா மாட்டுவாங்க. அந்தப் பக்கம்தான் ஓட்டுறவனுக்குத் தெரியாது. இடது பக்கம் உன் ஜன்னலே இருக்கு. தலையை நீட்டினா முடிஞ்சுது."

"தலையை நீட்டினா குளிருது. நீ மாட்டு."

"குளிருதாம்! அம்மணி, தொப்பி வாங்க வேண்டிய ஆளு கேமரா வாங்கியிருக்கான். இவனை எப்படித்தான் வச்சு மேய்க்கிறீங்களோ."

அதன் பிறகு நெரேயோ புதிய திரையை நடுவில், மேலே வைத்தார். கணவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, "இன்னும் வலது பக்கம் தள்ளு" என்றார். தள்ளினார்கள். "இன்னும்" என்றார். கடைசியில் திரை என் இருக்கைக்கு நேர் முன்னால் வந்து நின்றது. "பொண்டாட்டிக்கு டிவி வச்சுக் குடுக்கிறியாக்கும்?" என்று நெரேயோ கேட்டார். "ஆமா, அவளும் பாக்கட்டுமே" என்றார் கணவர். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

வேலை முடிந்து கொட்டகை முற்றத்தில் சோதித்துப் பார்த்தபோது, பழக்கத்தில் நான் கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் ஜன்னல் வழியாக, "ஏறு ஃபுல்வியா, இனிமே நீ வேணாம்" என்றார். ஒரே மூச்சில் சுவரோரம் வரை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். நெரேயோ கை தட்டினார். நான் கோட்டைக் கொக்கியில் திரும்ப மாட்டினேன்.

இந்த மார்ச்சில், ஈஸ்டர் பயணத்துக்காகச் சாமான் ஏற்ற வண்டிக்குள் போனேன். அலிதாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு தெற்கே வியஸ்தே வரை போவதாக ஏற்பாடு. குளிர்காலத்தில் குளிர்பெட்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வைப்பது எங்கள் வழக்கம். அது மூடியிருந்தது, ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கடுகு ஜாடிக்குப் பின்னால், பிரிக்காத சிறிய கண் சொட்டு மருந்துப் பெட்டி இருந்தது. கண் அழுத்த நோய்க்கான அந்த மருந்தை நான் தினமும் கடையில் எடுத்துக் கொடுக்கிறேன். பிரிக்கும் வரை குளிரில் வையுங்கள், ஒரு ராத்திரிகூடத் தவறவிடாதீர்கள், போன பார்வை திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் இது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புகிறேன். அவர் அதை ஸ்பிலிம்பெர்கோவில் வேறொரு கடையில் வாங்கியிருந்தார்.

அதன் பிறகு வீட்டுக்குள் போனேன். அவர் இரவுச் சாப்பாட்டுக்கு ஃப்ரிக்கோ செய்வதற்காகச் சீஸ் துருவிக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"கண்ணு அரிக்குது, அதுக்கு."

"துல்லியோ, நான் எங்க வேலை பாக்குறேன்னு மறந்துடுச்சா?"

அவர் துருவுவதை நிறுத்தவில்லை. சீஸ் தீர்ந்து, கையில் தோல் மட்டும் மிஞ்சிய பிறகும் துருவினார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வலது பக்கம் நல்லா தெரியுதுன்னாரு."

"இடது பக்கம்?"

"அதுக்குத்தான் கேமரா இருக்கே."

அன்று முதல் எனக்கு நிலைகொள்ளவில்லை. அவர் உரிமத்தைப் புதுப்பிக்க இன்னும் காலம் இருக்கிறது. அது வரை யாரும் அவர் கண்ணைப் பார்க்கப்போவதில்லை. இந்த ஒரு பயணம் முடியட்டும் என்றார். பேரனுக்குக் கடலைக் காட்டிவிட்டு வண்டியை விற்றுவிடலாம் என்றார். மறுநாள், யார் விற்கச் சொன்னது என்று என்னையே கேட்டார். நான் அலிதாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "அம்மா, வண்டிக்கு மூணு கண்ணு வச்சிருக்காரு. அதுக்கு மேல என்னம்மா பயம் உனக்கு?" என்றாள். அவர் கண்ணைப் பற்றித்தான் சொல்கிறேன் என்றேன். பிறகு, "அப்பாகிட்டயே கேட்டேன். அரிப்புன்னு சொல்றாரே" என்றாள். பின்னணியில் குழந்தை ஏதோ தட்டிக்கொண்டிருந்தது.

நாளை காலை கிளம்புவதாக இருந்தது. இன்று காலை அவர் பட்டறைக்குப் போன பிறகு, நான் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மாற்றுச் சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பினேன். இதற்கு முன் அந்த வண்டியை நான் ஓட்டியதே இல்லை. என் மனைவிக்கு அதை ஓட்டத் தெரியாது, ஆகவே வேறு யாரோதான் எடுத்திருக்க வேண்டும் என்று கணவர் தன் புகாரில் எழுதியிருப்பதாக நிலைய அதிகாரி வாசித்துக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் தெரியும்.

எங்கே கொண்டு போக நினைத்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். எங்கேயும் நினைக்கவில்லை. நிறுத்தினால் பின்னால் எடுக்க வேண்டி வருமே என்று பயந்து, நிறுத்தாமல் ஓட்டினேன். ஒவ்வொரு ரவுண்டானாவிலும் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். சாலையில் வலது ஓரமாகப் போகிறவர்களுக்கு ரவுண்டானாவில் எல்லாமே இடது பக்கத்திலிருந்துதான் வரும். லாரி வந்தது, பள்ளிப் பேருந்து வந்தது, கூடையில் ரொட்டி வைத்துக்கொண்டு சைக்கிளில் ஒரு பெண் வந்தாள். மூன்று கண்ணில் ஒன்றுகூட அங்கே பார்க்கவில்லை. திரையில் நான் கடந்துவந்த சாலைதான் தெளிவாக, வண்ணத்தில் தெரிந்துகொண்டிருந்தது.

கடல் வந்த பிறகு வேறு வழியில்லாமல் கிராதோவில், காயல் ஓரக் கேம்பர் நிறுத்துமிடத்தில் நிறுத்தினேன். பின்னால் எடுக்கத் தெரியாததால் மூன்று வண்டிகளுக்கான இடத்தைக் குறுக்கே அடைத்து நிறுத்தினேன். அதன் பிறகு இறங்கினேன், ஏறினேன், காபி போட்டேன், குடிக்கவில்லை. அதன் பிறகு ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். நான் எப்போதும் நிற்கும் இடத்தில், இடது மூலையிலிருந்து இரண்டு எட்டில், அதை விரித்து வைத்து, முதுகில் என் சிவப்பு மழைக்கோட்டை மாட்டினேன். திரும்பி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இடது கண்ணாடியைப் பார்த்தேன். கோட்டு முழுசாகத் தெரிந்தது. காற்றில் ஒரு கை அசைந்ததுகூடத் தெரிந்தது.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஏரிக்கரையில் நான் சரியான இடத்தில்தான் நின்றிருந்தேன். அவர் தெரிந்தே விதியை மீறவும் இல்லை. பார்வையில் ஓர் இடம் காணாமல்போனால், அங்கே ஒன்று காணாமல்போயிருக்கிறது என்பதும் தெரியாது என்று நானே கடையில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

அதன் பிறகு நகராட்சிக் காவலர் ஒருவர் வந்து ஜன்னலைத் தட்டினார். "அம்மா, மூணு வண்டி நிக்கிற இடத்தை அடைச்சிருக்கீங்களே, கொஞ்சம் பின்னாடி எடுங்க" என்றார். எனக்குப் பின்னால் எடுக்கத் தெரியாது என்றேன். "அப்புறம் எப்படிங்க இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். "முன்பக்கமாவே ஓட்டிட்டு வந்தேன்" என்றேன். அவர் வண்டி எண்ணைப் பார்த்து நிலையத்துக்குச் சொன்னார். நாற்காலியையும் கோட்டையும் உள்ளே எடுத்து வைத்தேன். காவலர் ஒருவர் வண்டியை ஓட்டிவந்து நிலைய முற்றத்தில் நிறுத்தினார்.

கணவரை நெரேயோ தன் காரில் அழைத்து வந்தார். நிலைய நடைவழியில் கணவர் என் அருகில் உட்கார்ந்தார். "சண்டை போட்டு கோவத்துல எடுத்துட்டேன்னு சொல்லு. நான் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். வீட்டுக்குப் போயிடலாம். காலையில அலிதா காத்துட்டிருப்பா" என்றார். நான் அவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். பேசும்போது என்னைப் பார்க்க முகத்தை முழுதாகத் திருப்பினார். நெரேயோ காபி இயந்திரத்தின் முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். சண்டை என்று சொன்னால் போதும் என்பது எனக்குத் தெரியும். அதிகாரி ஏன் எடுத்தீர்கள் என்று முதல் முறை கேட்டபோது நான் தண்ணீர் கேட்டேன். இரண்டாம் முறை கேட்டபோது சொன்னேன்.

சண்டை எதுவும் இல்லை. என் கணவருக்கு இடது பக்கப் பார்வை குறைந்திருக்கிறது. அவர் நாளை என் மகளையும் பேரனையும் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் ஓட்ட இருந்தார். அவரைக் கண் பரிசோதனைக்கு அனுப்பும்படியும், அது வரை அவரை எந்த வண்டியையும் ஓட்ட அனுமதிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. இந்த அறைக் கதவு திறந்திருக்கிறது. நான் சொல்வது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

இதுவரை பதிவானதை அதிகாரி வாசித்துக் காட்டினார். அதன் பிறகு நான் சேர்க்கச் சொன்னது பின்வருமாறு. வாசித்து முடித்தபோது கணவர் கதவருகில் வந்து நின்றார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். "முற்றத்துல வண்டியைத் திருப்ப இடமில்ல" என்றார். பிறகு, "பின்னாடிதான் எடுக்கணும். வாசல் குறுகல். முதல்ல சக்கரத்தை நேரா வச்சுக்கோ" என்றார். என் மழைக்கோட்டு எங்கே என்று கேட்டார். வண்டியில் இருக்கிறது என்றேன். வெளியே போய் அதை எடுத்து அணிந்துகொண்டார். அவருக்கு அது தோள் பக்கம் இறுக்கமாக இருக்கும்.

வெளியே இன்னும் இருட்டவில்லை. திரையைப் பார்க்க மாட்டேன். இடது கண்ணாடியில் அவர் தெரியும் வரைதான் பின்னால் எடுப்பேன். தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுவேன்.

மேலே சொன்னவை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானே சொன்னவை. வாசிக்கக் கேட்டேன், சொன்னபடியே இருக்கின்றன, மாற்ற ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) ஃபுல்வியா சூலியானி