மணல் தொண்டை

நீ வாயைத் திறக்காதே தம்பி, தலையை மட்டும் ஆட்டு. வாசல்ல டிரம்மர் என்னைப் பிடிச்சு நிறுத்திட்டான். அக்கா, நீங்க பேச்சுக் கொடுத்தா அவன் பதில் சொல்லுவான், அப்புறம் மேடையில வெறும் காத்துதான் வரும்னான். நான் ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தைக்கத்தான் வந்திருக்கேன், பேச வரலைடான்னேன். நம்பவே இல்லை. வாயில குண்டூசியைக் கடிச்சுக்கிட்டே ஊர்க்கதை பேசுறவ நான், அவனுக்குத் தெரியாதா என்ன.

கையைத் தூக்கு. இன்னும் கொஞ்சம். போன வாரம்தானே தோளைச் சரி பண்ணினேன், அதுக்குள்ள இப்படித் தொங்குது? என் தம்பி போட்ட ஜாக்கெட் இது. கடைசியில அவன் எலும்பும் தோலுமா ஆனப்பகூட இவ்வளவு தொங்கலை. சரியாச் சாப்பிடுறியா? முழுங்கினா வலிக்குதா? அட, பேசாதேன்னு இப்பதானே சொன்னேன். கையால காட்டு, போதும். இந்தா, வெந்நீர் குடி.

ஜன்னல் வழியா வெளிய பாத்தியா? என்னா கூட்டம். அத்தனை பேர் கழுத்துலயும் சிவப்புத் துணி. டிக்கெட் கிழிக்கிறவர்கூட சுத்தியிருக்கார். இடுப்புல இருக்கிற குழந்தைக்கும் ஒண்ணு கட்டிவிட்டு ஒருத்தி நிக்குறா. செத்தவனுக்கு அக்கான்னு தெரிஞ்சதும் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதா. மணல் அண்ணன் குரல்தான் எங்களைக் காப்பாத்துச்சுங்கறா. நல்லா இரும்மான்னேன். வேற என்னத்தைச் சொல்ல?

மணல்ங்கற பேரு பிறகு வந்தது. வெல்டிங் பட்டறைக்குப் போயிட்டிருந்த காலத்துல அவன் குரல் சாதாரணக் குரல். நல்லாத்தான் பாடுவான், ஆனா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இவன் பாட ஆரம்பிச்சா அதுதான் சமயம்னு எழுந்து சிகரெட் பிடிக்கப் போவாங்க. வீட்டுக்கு வந்து சுவத்தைப் பாத்துப் படுத்துக்குவான். அப்புறம் ஒரு தடவை சளி பிடிச்சுது. சளி போச்சு, மணலை அரைக்கிற மாதிரி கரகரப்பு போகலை. இந்தத் தொண்டையோட பாட மாட்டேன்னு அடம் பிடிச்சான். டிரம்மர்தான் தள்ளிக்கிட்டுப் போயி மேடையில ஏத்தினான். பாட்டுல மேல ஏறுற இடத்துல குரல் அப்படியே உடைஞ்சுது. நான் முகத்தை மூடிக்கிட்டேன், போச்சு, மானம் போச்சுன்னு. கண்ணைத் திறந்தா அத்தனை பேரும் எழுந்து நிக்குறாங்க.

அதுக்கப்புறம் அந்த இடத்துக்காகவே வந்தாங்க தம்பி. குரல் எப்ப உடையும், எப்ப உடையும்னு வாயைப் பிளந்துக்கிட்டு நிப்பாங்க. உடைஞ்சதும் ஒரு கூச்சல் போடுவாங்க பாரு. அப்படி உடையுறது நல்லா இருக்கவன்கிட்ட வர்ற சத்தமான்னு ஒருத்தருக்கும் தோணலை.

நான்தான் இழுத்துக்கிட்டுப் போனேன் டாக்டர்கிட்ட. தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பாத்தார். கட்டி வளருது, இப்பவே எடுத்துட்டா உயிருக்கு ஒண்ணும் இல்லை, ஆனா குரல் மாறிடும்னார். எப்படி மாறும்னு இவன் கேட்டான். பயப்படாதீங்க, எல்லாரையும் மாதிரி பேசலாம்னார். பாவம், அந்த மனுஷன் ஆறுதல்னு நெனச்சுதான் அதைச் சொன்னார். எல்லாரையும் மாதிரி. இவன் காதுல அது ஒண்ணுதான் விழுந்துச்சு. அடுத்த வாரம் வர்றேன்னு எழுந்தான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

கெஞ்சினேனா, கெஞ்சினேன். கிட்டாரைத் தூக்கிப் பீரோவுல வெச்சுப் பூட்டினேன். இவன் வேற ஒருத்தன்கிட்ட கிட்டாரை இரவல் வாங்கிட்டுப் போயிட்டான். நீ பாடுறதால என்ன கிடைக்குதுடான்னு கத்தினேன். அக்கா, முன்னாடி நான் பாடினப்ப நீ மட்டும்தான் கேட்டே, உனக்கு அது போதும், எனக்குப் போதாதுன்னான். அந்த வார்த்தை இன்னும் நெஞ்சுல குத்திக்கிட்டே இருக்கு.

குனியாதே, நேரா நில்லு. காலர் கோணிக்கும்.

அந்தச் சிவப்புத் துணி எங்கேருந்து வந்துச்சு தெரியுமா உனக்கு? என் தையல் மேஜையில மீந்து கிடந்த லைனிங் துணி. கழுத்துல அந்தக் கட்டி வெளிய தெரிய ஆரம்பிச்சதும் அவனா எடுத்துச் சுத்திக்கிட்டான். அடுத்த கச்சேரியில முன்வரிசைப் பசங்க கட்டிக்கிட்டு வந்தாங்க. அடுத்ததுல பாதி ஹால். இவன் அதைப் பாத்துட்டு வீட்டுல வந்து சிரிச்சான் பாரு, சிரிச்சுச் சிரிச்சு ரத்தமாத் துப்பினான். வாஷ்பேசினைக் கழுவினது நான்தான். இன்னைக்கு அந்தத் துணியை வாசல்ல கடை போட்டு விக்குறாங்க.

கடைசிக் கச்சேரி வீடியோ பாத்திருப்பே, பாக்காதவங்க உண்டா? வாயைத் திறக்குறான், பாட்டு வரலை. ஆமா, அதேதான். எல்லாரும் என்ன சொல்றாங்க? மனசு நெகிழ்ந்து நின்னுட்டான்னு. அதான் கூட்டமே பாட்டைப் பாடி முடிச்சுதாம். தம்பி, அவன் நெகிழவும் இல்லை, ஒண்ணும் இல்லை. மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு இருந்தான். நான் மேடை ஓரத்துல நிக்குறேன், என்னைப் பாத்துக் கையைக் கையை ஆட்டுறான். அது கூட்டத்துக்குக் கை காட்டுறான்னு இன்னும் பெரிசாப் பாடினாங்க. நான் கத்தினது யாருக்குக் கேக்கும்?

சரி விடு. கண்ணைத் துடைச்சுக்கோ. நீ ஏன் அழறே?

இன்னைக்கு நடக்குற நினைவுக் கச்சேரியில அவன் பாட்டைப் பாட ஆள் தேடினப்ப வந்தானுங்க பாரு! ஒருத்தன் பச்சை மிளகாயைக் கடிச்சுட்டு வந்து இருமிக்கிட்டே நின்னான். இன்னொருத்தன் விடிய விடியக் கத்தித் தொண்டையைக் கிழிச்சுக்கிட்டு வந்தான். நான் சிரிப்பை அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பதான் நீ வந்தே. ஒரு வரிதான் பாடினே. டிரம்மர் எழுந்து வெளிய போயிட்டான். கிட்டார்க்காரன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டான். நான் விம்மி விம்மி அழுதேன். தம்பி திரும்பி வந்த மாதிரி இருக்கா அக்கான்னு என் முதுகைத் தடவிக் கொடுத்தாங்க.

தம்பி ஞாபகம் வந்து நான் அழலைப்பா.

உனக்கு எத்தனை நாளா இப்படி? மழைக்காலத்துலேருந்தா. சளியா. ம். முன்னாடி உன் குரல் எப்படி இருக்கும்? எல்லாரையும் மாதிரியா? முன்னாடி யாரும் உன்னைக் கூப்பிட்டதே இல்லை, இல்லையா? தெரியும்டா ராஜா, எனக்குத் தெரியும்.

கையைக் கீழ விடு. ஜாக்கெட்டைக் கழட்டிக் கொடு. இல்லை, தைக்கப் போறதில்லை, சும்மா கொடு. பின்வாசல்ல வண்டி நிக்குது, டிரைவர்கிட்ட எங்க போகணும்னு சொல்லியாச்சு. அதே டாக்டர்தான். நான் கேட்டுக்கிட்டேன்னு கிளினிக்கை மூடாம உக்காந்திருக்கார். டிரம்மர் குதிப்பான், குதிக்கட்டும், அவனை நான் பாத்துக்குறேன். பாட்டை அந்தக் கூட்டமே பாடிக்கும். அவங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்தான்.

துணியா? அதை உன் கழுத்துல நான் கட்டப் போறதில்லை. போன வாரம் காலருக்கு டேப்பைச் சுத்தினேன் பாரு, அப்பவே என் விரல்ல தட்டுப்பட்டுச்சு. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம், நான் டாக்டரா, தையல்காரிதானே. உன் கையைக் கொடு. இங்க, இடது காதுக்குக் கீழ. அழுத்தாதே, சும்மா தொட்டுப் பாரு.

அவனுக்கும் இங்கதான் இருந்துச்சு.