பச்சையில் கிடந்த வீடு

இணைய வரைபடத்தில் வேலை பழகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தி, எடுத்த எடுப்பில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம் என்பது. எல்லோரும் செய்வது அதுதான். தங்கள் வீட்டுக் கூரையைத் தேடிப்பிடித்து, தண்ணீர்த் தாங்கியைக் கண்டு சந்தோஷப்பட்டு நேரத்தைக் கழித்துவிடுவார்கள். முதலில் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். கடல் எந்தப் பக்கம், வெள்ளம் எந்த வழியால் இறங்குகிறது, மதகு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் முதலில். வீடு அதற்குப் பிறகுதான்.

விசாரணை உத்தியோகத்தர் ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டு திகதிகளைக் குறிப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். அரியாலையில் எனது பக்கத்து வளவில் இருந்த ஏரம்பு அவர்களுடைய வீட்டின் அடையாளம் பங்குனி 14 அன்று வரைபடத்தில் நானூறு மீற்றர் தள்ளி வைக்கப்பட்டது. மார்கழி 9 அன்று திரும்பவும் உரிய இடத்துக்கு வந்தது. இரண்டும் என் பெயரில் பதிவாகியிருக்கின்றன. இடையில் கார்த்திகை 27 அன்று அவர் தமது கட்டிலில் வெள்ளத்தில் மூழ்கி இறந்தார். ஆட்களை ஏற்றிய வள்ளம் அவர் வீட்டுக்கு ஏன் போகவில்லை என்பது உங்கள் கேள்வி.

மானிப்பாயில் நான் படித்த சிறிய பள்ளிக்கூடத்தில், கடிதம் எழுதுகிறவன் நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுத வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். அப்படியே எழுதுகிறேன்.

நான் இந்தக் காப்புறுதிக் கம்பனியின் யாழ்ப்பாணக் கிளையில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். சென்ற தை மாதம் வரை எங்கள் கோப்புகளில் முகவரி என்றால் ‘வைரவர் கோயிலடி’, ‘சங்கக்கடைக்குப் பின் ஒழுங்கை’ என்ற அளவில்தான் இருக்கும். கொழும்பில் இருப்பவர்களுக்கு அது விளங்காது. ஆகவே தை மாதம் வரைபட முறை வந்தது. காப்புறுதி எடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்கள் நேரே போய், வாசல் படலையடியில் நின்று, கைத்தொலைபேசியில் அமத்தினால் வரைபடத்தில் அந்த இடத்தில் ஓர் ஊசி குத்தப்படும். அதன்மேல் வெள்ளம் வரக்கூடிய நிலத்தைக் காட்டும் நிறத்தைப் போர்த்துப் பார்த்தால், சிவப்பில் கிடக்கும் வீடு ஆபத்து. பச்சையில் கிடக்கும் வீடு ஆபத்தில்லை. இவ்வளவுதான் விடயம்.

இதைச் சொல்லித்தர எங்கள் கிளைக்கு வந்தவள் ஆரபி. என் மகளின் வயது. நல்ல பிள்ளை, பொறுமையாகச் சொல்லித் தந்தாள். “சேர், அளக்கிறதைப் பழகுங்கோ. தெரிஞ்ச இடம் ஒண்டை அளந்து பாத்தால் சரிபிழை விளங்கும்” என்றாள். தெரிந்த இடம் என்று யோசித்தபோது என் வீட்டு வேலிதான் நினைவுக்கு வந்தது. வேறு எதுவும் மனதில் இருக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையின் அந்தத்தில் மூன்று வளவு, ஒன்று என்னுடையது. இன்னொன்று பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் லண்டனில். மற்றையது ஏரம்பண்ணையினுடையது. எங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள வேலி அவருடைய பங்கு. எந்தப் பக்க வேலியை யார் அடைப்பது என்பது எங்கள் ஊரில் எழுதி வைக்காத ஒழுங்கு. பங்குக்காரர் கிளுவைக் கதியால் நட்டு, பனையோலை வைத்து அடைப்பார். மற்றவர் தன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். கதியாலில் கை வைத்தால் அது சண்டை. நான் சண்டைக்காரன் அல்ல.

அந்தக் கருவியில் பழைய வருடங்களின் செய்மதிப் படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கலாம். இது பலருக்குத் தெரியாது, பயனுள்ள வசதி. இருபது வருடப் படங்களை ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேலி புதிதாக அடைபடும்போது கோடு கொஞ்சம் என் பக்கம் வரும். ஒரு கதியாலின் தடிப்பு, சிலசமயம் இரண்டு. நேரில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. படத்தில் அது புழு ஊர்வது போல ஊர்ந்து வந்தது. 2014 இல் என் கறுத்தக்கொழும்பான் மாமரம் வேலிக்குள் நின்றது. 2016 இல் அது வேலிக்கு அங்காலே. வரைபடத்தில் மூன்றரை அடி காட்டியது. பின்னேரம் வீட்டுக்கு வந்து நாடா பிடித்தேன். மூன்று அடி எட்டு அங்குலம். கருவி ஓரளவு சரிதான் என்று மறுநாள் ஆரபியிடம் சொன்னேன்.

ஏரம்பண்ணை கூடாத மனிதர் அல்ல. ஒவ்வொரு வருடமும் மாம்பழக் காலத்தில் ஒரு பை நிறையப் பழம் வேலிக்கு மேலால் நீட்டுவார். “சண்முகம், உனக்கு இந்த மரத்துப் பழமெண்டால் விருப்பமெல்லோ” என்பார். நான் வாங்கிக்கொள்வேன். நல்ல பழம்.

பங்குனி 14 அன்று அவருடைய வீட்டைப் பதியப் போனேன். பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாக அவர் கட்டிலோடுதான். மனைவி இல்லை. மகள் தனுசியா கனடாவில். றஜிதா என்ற பெண் காலையில் வந்து சமைத்து, கழுவித் துடைத்துவிட்டுப் பின்னேரம் போவாள். நான் கைத்தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துப் படத்தைக் காட்டினேன். ஆசையோடு பார்த்தார். இயங்குகிற கையின் விரலை வைத்து வேலிக் கோட்டின் வழியே மெல்ல இழுத்தார்.

“வேலி நல்ல நேராத்தான் கிடக்கு, என்ன தம்பி?” என்றார். சிரித்தார். அவருக்குச் சிரிப்பு ஒரு பக்கம் மட்டும்தான் வரும்.

ஓம் என்றேன்.

வீடு சிவப்பில் கிடப்பதையும், சிவப்புக்குக் கட்டுப்பணம் கூடும் என்பதையும், சிலவேளை கம்பனி பொலிசியைப் புதுப்பிக்காமலும் விடலாம் என்பதையும் விளக்கினேன். அவர் அதே விரலை ஊசியின்மேல் வைத்தார்.

“உந்த ஊசியைக் கொஞ்சம் அங்காலை தள்ளி வையன். ஆர் வந்து அளக்கப் போகினம்?”

அந்தக் கடைசி வசனத்தை வீட்டுக்கு வந்ததும் குறிப்புப் புத்தகத்தில் திகதியோடு எழுதி வைத்தேன். காரணம் ஒன்றும் இல்லை, எழுதி வைப்பது என் பழக்கம். ‘கொஞ்சம்’ என்பது அளவு அல்ல. ஆகவே நானே ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருந்தது. நானூறு மீற்றர் தள்ளி, கோயில் மடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேட்டு நிலத்தில் குத்தினேன். அங்கே வெள்ளம் ஏறியதாக எவரும் சொன்னதில்லை. வீடு பச்சையானது. குறிப்புப் பெட்டியில் ‘தனியாள், நடக்க முடியாதவர்’ என்று எழுதினேன். அது முழுக்க உண்மை.

புரட்டாதியில் கம்பனியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. மாரிக்கு முதல் வரைபடத்தை ஊர் வெள்ள நிவாரணக் குழுவுக்குக் கொடுக்கப் போகிறார்கள். சிவப்பில் கிடக்கும் வீடுகளில் முதியவர்கள், நடக்க முடியாதவர்கள் இருந்தால் அந்தப் பட்டியல்படி வள்ளம் போகும். பிழையான ஊசிகளை உடனே திருத்தவும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. நான் கையொப்பமிட்டு வாங்கினேன். அந்தக் கிழமையே உட்கார்ந்து பிழைகளைத் தேடினேன். ஏழு ஊசிகள். ஒன்று பக்கத்து ஒழுங்கையில், ஒன்று கிணற்றுக்குள், ஒன்று கடனீரேரிக்கு நடுவில். எல்லாவற்றையும் திருத்தினேன். எட்டாவதாக அவருடையதைத் திறந்தேன். பெரிதாக்கினேன். படத்தில் வேலியும் மாமரமும் தெரிந்தன. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூடிவிட்டேன். திருத்தினேனா மறந்தேனா என்று நீங்கள் கேட்கலாம். மறக்கவில்லை.

அரியாலைப் பகுதிக்கு வரைபடத்தைப் பார்த்து வள்ளக்காரருக்கு வழி சொல்லும் பொறுப்பை நிவாரணக் குழு என்னிடம் தந்தது. பொருத்தமான ஆள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

கார்த்திகை 26 பின்னேரம் தொடங்கிய மழை விடவில்லை. மனைவி முதல்நாளே வட்டுக்கோட்டையில் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். 27 காலை ஒன்பது மணிக்கு றஜிதா தொலைபேசி எடுத்தாள். மதகுக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறது, தன்னால் வர ஏலாது, ஐயாவைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்றாள். ஓம் என்றேன். பதினொரு மணிக்குத் தனுசியா எடுத்தாள். அங்கே அவளுக்கு இன்னும் விடியவில்லை.

“அங்கிள், அப்பா போன் எடுக்கிறாரில்லை. அவரை ஏத்தியாச்சோ?”

“நான் வரைபடத்தைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன் பிள்ளை. அப்பான்ரை வீடு பச்சையிலை கிடக்கு.”

“பச்சையெண்டால் பயமில்லையோ?”

“பச்சைக்கு வள்ளம் தேவையில்லை, பிள்ளை.”

அவள் மறுமுனையில் அழுதாள். நிம்மதியில் அழுகிறாள் என்று விளங்கியது. நீங்கள் பக்கத்தில் இருப்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல் என்று சொல்லிவிட்டு வைத்தாள். நான் சொன்ன ஒவ்வொரு வசனமும் வரைபடத்தில் உள்ளதுதான் என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

அன்று பட்டியலில் பத்தொன்பது வீடு. பத்தொன்பதையும் ஏற்றினோம். ஊசிகள் சரியாக இருந்தபடியால் ஒரு வீட்டைக்கூடத் தேடி அலைய வேண்டி வரவில்லை. கடைசியில் ஒன்றே முக்காலுக்கு லெனாட்டின் வள்ளம் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. லெனாட் கரையூர்ப் பக்கத்துக் கடற்றொழிலாளி, இந்த ஒழுங்கையில் யாரையும் அவருக்குத் தெரியாது. அவர்மேல் பிழை எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் வீடு சிவப்பு. நான் என் ஊசியைச் சரியாகவே குத்தியிருந்தேன்.

லெனாட் முதலில் என் இரண்டு ஆடுகளையும் ஏற்றினார். பிறகு என் லப்டொப்பைப் பொலித்தீனில் சுற்றி வாங்கி வைத்தார். நான் ஏறி இருந்தேன். அப்போது வேலிக்கு அங்காலே கூப்பிடும் சத்தம் கேட்டது.

“சண்முகம்.”

பழம் தரும்போது கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டார், அவசரமில்லாமல். இரண்டு தரம் நிச்சயமாகக் கேட்டது. மூன்றாம் தரம் மோட்டர் சத்தத்தோடு சேர்ந்துவிட்டதால் உறுதியாகச் சொல்ல முடியாது. லெனாட் தலையைத் திருப்பினார்.

“பக்கத்து வளவிலை ஆரும் இருக்கினமோ, அண்ணை?”

“பட்டியலைப் பார், லெனாட்.”

அவர் ஈரக் கையால் தாளைப் பிரித்துப் பார்த்தார். “இல்லை.”

“அப்ப வெளிக்கிடு.”

வள்ளத்தில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருந்தது. இதை நீங்கள் லெனாட்டிடம் கேட்டு அறிவதைவிட நானே எழுதுவது ஒழுங்கு.

இரண்டு நாளில் தண்ணீர் வற்றியது. றஜிதாதான் முதலில் உள்ளே போனவள். அறைச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைப் பிறகு நான் அளந்தேன். இரண்டு அடி ஒன்பது அங்குலம். கட்டிலின் உயரம் ஓர் அடி எட்டு அங்குலம். செத்த வீட்டுக்கு லெனாட்டும் வந்திருந்தார். படலையடியில் நின்று, என் வீட்டையும் அந்த வீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். “நீங்கள் இந்தப் பக்கத்து வீடெல்லோ, அண்ணை” என்றார். ஓம் என்றேன். அவர் உள்ளே வராமல் போய்விட்டார். அதற்குப் பிறகு வீதியில் என்னைக் கண்டாலும் கதைப்பதில்லை.

மார்கழி 9 அன்று ஊசியை நானே உரிய இடத்துக்குத் திருப்பி வைத்தேன், பிழையான ஊசி கோப்பில் கிடக்கக்கூடாது என்பதற்காக. பதிவுகளைச் சோதித்து இரண்டு திகதிகளையும் கண்டுபிடித்தவள் ஆரபி. ஊசியை யார், எப்போது நகர்த்தினார்கள் என்பதைக் கருவி மறப்பதில்லை. பழகத் தொடங்கும்போதே அவள் இதைச் சொல்லித் தந்தாள். நானும் குறிப்பெடுத்திருந்தேன். “சேர், ஏழைத் திருத்தின நீங்கள் இதை ஏன் விட்டனீங்கள்?” என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவர் கேட்டபடிதான் செய்தேன், பிள்ளை என்றேன். அவள் என்னைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஒப்புக்கொள்வது இதுதான். ஊசியைத் தள்ளி வைத்தவன் நான். அதனால் என்ன நடக்கும் என்று புரட்டாதியில் தெரிந்துகொண்டும் விட்டுவைத்தவன் நான். றஜிதாவிடம் ஓம் என்று சொன்னவன், தனுசியாவுக்குப் பச்சை என்று சொன்னவன், கூப்பிட்டது கேட்டும் வெளிக்கிடு என்று சொன்னவன் நான். நாலு பாகம் தூரம் நடந்து படலையைத் திறந்திருந்தால் அவர் இன்றைக்கு இருந்திருப்பார். இவை எதிலும் நான் மாறுபடவில்லை. வேலியைப் பற்றி எழுதியது, நான் எதையும் மறைத்ததாக நீங்கள் நினைக்கக்கூடாது என்பதற்காக மட்டுமே. வேலிக்காக ஒருவரைச் சாகவிடுகிற ஆள் நான் அல்ல என்பதை அரியாலையில் யாரிடமும் கேட்டு அறியலாம்.

தனுசியா முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து நின்றாள். வெள்ளத்தில் நடு வேலி முழுக்கச் சரிந்து கிடந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி இந்த வளவைப் பார்க்க ஆளில்லை, வேலியை நீங்களே நின்று அடைப்பியுங்கோ அங்கிள் என்று கேட்டாள். அவளுடைய மனம் நோகக்கூடாது என்று சம்மதித்தேன். காணி உறுதியை எடுத்து, நாடா பிடித்து, கயிறு கட்டி, கதியால் நட்டேன். ஓர் அங்குலம்கூட அந்தப் பக்கம் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை.

மாமரத்தை நான் கேட்கவில்லை. வேலி நேராகப் போனபோது அது தானாக என் பக்கம் வந்துவிட்டது.