தோற்கக்கூடிய இடங்களுக்குப் போகாதவள்

பள்ளிவாசல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் விளையாட்டு மன்றத்தின் தலைவராய், இவ்விழாவுக்கும் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய பெரியமுத்து அவர்களே! மலைச்சரிவை வெட்டி மைதானமாக்கிய மூத்தவர்களே! கொழுந்து பறித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இறகுப்பந்தில் மாநிலப் பட்டத்தை இரண்டாம் முறையாக வென்று, மாலையோடு மேடையில் வீற்றிருக்கும் மாரீஸ்வரியே! அவளைப் பெற்று, முன்வரிசையில் முந்தானையால் கண் துடைத்துக்கொண்டிருக்கும் செல்வலட்சுமி அம்மா அவர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

என் பெயர் யோகப்பிரியா. ஊர், பாலக்காட்டுக்குக் கிழக்கே மீனாட்சிபுரம். மாடு வளர்த்துப் பால் ஊற்றும் ஆறுமுகசாமியின் மகள். இதே பட்டத்தை இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தவள். சென்ற ஆண்டு இறுதிப் போட்டியில் உங்கள் ஊர்ப் பெண்ணிடம் அதைப் பறிகொடுத்தவள்.

பின்னால் யாரோ உச்சுக் கொட்டுகிறீர்கள். வேண்டாம் ஐயா! அழுது முடித்து வெகுநாளாயிற்று. யாருக்கோ நடந்ததைப் போல என்னால் இப்போது அதைச் சொல்ல முடியும். அதனால்தான் அழைத்தவுடன் வந்தேன்.

உச்சிக்குப் போன வீராங்கனை ஏன் சரிகிறாள்? திமிர் என்றார்கள். கல்யாணப் பேச்சு என்றார்கள். கைபேசி என்றார்கள். எனக்குத் திமிரும் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. கைபேசி இருந்தது, அதில் வந்த வாழ்த்துகளை மட்டுமே பார்த்தேன்.

பட்டம் வெல்வதற்கு முன் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? கொல்லங்கோட்டில் சதீஷ் என்ற பயிற்சியாளரிடம் ஆடினேன். தோற்ற ஆட்டங்களை எல்லாம் படம்பிடித்து, எங்கே கால் பிசகியது, எங்கே கை தாழ்ந்தது என்று நானும் அவரும் தலைமுட்டப் பார்ப்போம். பட்டம் வந்தது. ஊர் ஊராக ஸ்வீகரணம் என்று பாராட்டு விழா, தெருத்தெருவாக வரவேற்புப் பலகை. அதன் பிறகு சதீஷ் சார் ஒருநாள் சொன்னார்: "யோகா, உன் டிராப் ஷாட்டைக் கொஞ்சம் மாத்தோணும். எல்லாரும் படிச்சுட்டாங்க." நான் சொன்னேன்: "ஜெயிச்சுட்டுத்தானுங்க சார் இருக்கேன்?" அவர் கேமராவை மூடிப் பைக்குள் வைத்தார். ஜெயிக்கிறவளிடம் என்ன பேசுவது?

முழங்கால் வலித்தது. வெளியே சொன்னால் எதிராளிக்குத் தெரிந்துவிடும் என்று மறைத்தேன். யாரோடு ஆடினால் வெல்வேனோ அவர்களோடு மட்டுமே பயிற்சி செய்தேன். கடினமான போட்டி என்றால் ஒரு காரணம் சொல்லி விலகினேன். ஒருநாள் காலை தொழுவத்தில் அப்பா கேட்டார்.

"ஏங்கண்ணு, கோழிக்கோட்டுப் போட்டிக்குப் போகுலியா?"

"போனாத் தோத்துருவனுங்கப்பா."

"தோத்தா என்னாயிப் போகும்?"

பெரியோர்களே! மாடு கறப்பவர் கேட்ட கேள்விக்கு மாநிலச் சாம்பியனிடம் பதில் இல்லை! பட்டத்தை வெல்லும்வரை நான் பந்தைத் துரத்தினேன். வென்ற பிறகு பட்டத்தைக் காவல் காத்தேன். காவல் காப்பவர் ஓடுவாரா? ஒரே இடத்தில் அல்லவா நிற்பார்?

அப்படி நின்றவளைத்தான் மாரீஸ்வரி இறுதிப் போட்டியில் சந்தித்தாள். முதல் செட் எனக்கு, இருபத்தொன்றுக்குப் பதினாறு. இரண்டாவதில் நான் அதே டிராப் ஷாட்டாக வலையோரம் பந்தைக் குறுக்கே தட்டும் போதெல்லாம், பந்து விழும் இடத்தில் அவள் முன்பே நின்றாள். ஒருமுறை, இருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும்! மூன்றாவது செட்டில் எனக்குக் கிடைத்தவை ஒன்பதே புள்ளிகள்.

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், அது நல்ல ஆட்டம்தான்.

ஆட்டம் முடிந்து, தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்துக் கேட்டேன், பந்து வரும் இடம் எப்படித் தெரிந்தது என்று. அந்தப் பெண் ஒளிக்கவில்லை.

"நீங்க குறுக்க போடுறதுக்கு முன்னாடி ஒங்க எடது தோளு லேசா எறங்கும்க்கா. எங்கம்மா போன்லதான் ஒங்க ஆட்டமெல்லாம் பாப்பேன். எத்தன தடவ பாத்தேன்னு எனக்கே தெரியாது. ரெண்டு வருசமா நீங்க அத மாத்தவே இல்ல."

"மாத்தியிருந்தா?"

"நான் தோத்திருப்பேன்லக்கா" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

அன்பானவர்களே! இரண்டாண்டுகள் இந்த மாநிலத்தில் எத்தனை பெண்கள் என் தோளைப் பார்த்தார்கள், என் காலைப் பார்த்தார்கள், என் கையைப் பார்த்தார்கள்! பார்க்காதவள் ஒருத்திதான். அவள் நான். உச்சியில் இருப்பவளை எல்லோரும் படிக்கிறார்கள். அவள் மட்டும் படிப்பதை நிறுத்திவிடுகிறாள். சரிவு என்றால் இவ்வளவுதான். இதற்குமேல் அதில் மர்மம் எதுவும் இல்லை.

பிறகு என்ன ஆனேன்? முழங்காலை மருத்துவரிடம் காட்டினேன், ஆறு மாதம் ஓய்வு என்றார்கள். ஓய்ந்தேன். இந்த ஆண்டு மாநிலப் போட்டியின் தகுதிச் சுற்றில் பெயர் கொடுத்து, பார்வையாளரே இல்லாத ஓரத்துக் கோர்ட்டில் ஆடி உள்ளே வந்தேன். இரண்டாம் சுற்றில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியிடம் தோற்றேன். அந்த ஆட்டத்தை அன்றே சதீஷ் சாரோடு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். அப்பா கேட்டதற்கு அன்றுதான் பதில் கிடைத்தது: தோற்றால் ஒன்றும் ஆகாது. மறுநாள் காலை பயிற்சிக்குப் போகலாம், அவ்வளவே! மீண்டும் நான் பட்டம் வெல்வேனா? தெரியாது. தெரியாமல் ஆடுவது எனக்கு இப்போது பிடித்திருக்கிறது.

மாரீஸ்வரி, உன்னைப் புகழ இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வேறொன்று சொல்கிறேன். இந்த ஆண்டு நீ வென்ற இறுதி ஆட்டத்தை ஆறு முறை பார்த்தேன். ஸ்மாஷ் அடிக்கும் முன் நீ ஒரு காரியம் செய்கிறாய். ஒவ்வொரு முறையும் செய்கிறாய்.

செல்வலட்சுமி அம்மா எழுந்துவிட்டார்கள். என்னம்மா? "அது என்னன்னு இப்பவே சொல்லிட்டுப் போ தாயி!" என்கிறார்கள்.

சொல்ல மாட்டேன் அம்மா. உங்கள் மகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். அடுத்த போட்டிக்கு மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் அவள் கண்டுபிடிக்காவிட்டால், வலைக்கு அந்தப் பக்கம் நின்று நானே காட்டித் தருகிறேன்!

தோற்றவளை மேடையேற்றிப் பேசவிட்ட உங்கள் பெருந்தன்மைக்கும், மழை மிரட்டியும் எழுந்து போகாத உங்கள் பொறுமைக்கும் என் நன்றி. வருகிறேன், வணக்கம்.