கதவு அடிக்காத அடி

கட்டிய உடலோடு இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர் அவர்களே! மாடியில் அறிவை அடுக்கிவைத்துக் காக்கும் நூலகர் அம்மையார் அவர்களே! நாற்காலி போதாவிட்டாலும் நகராமல் நிற்கும் பெரியோர்களே! நான் எப்போது முடிப்பேன் என்று முன்வரிசையில் கவலைப்படும் தாய்மார்களே! வணக்கம்!

கீழே உடற்பயிற்சிக் கூடம், மேலே நூலகம். இரண்டுக்கும் பொதுவான வாசற்சுவரில் யார் படத்தை வரைவது? இதுதான் இன்றைய வழக்கு. நூலகர் கேட்பது, மாடியில் அட்டை கிழிந்து கிடக்கும் பழைய நாவலின் நாயகனை. அவன் நின்றால் வாசல் மறையும்; அதனால் பட்டப்பெயர் கதவு. தலைவரோ, "அடிச்சவனைத் திருப்பி அடிக்காதவன் படத்தை வச்சா, என் பசங்க தொடைநடுங்கி ஆயிடுவாங்கம்மா!" என்கிறார்.

கதவா தொடைநடுங்கி? சந்தையில் மூட்டை சுமக்கும் அவனை, கூட்டத்தின் நடுவே மேஸ்திரி கன்னத்தில் அறைகிறான். கதவு கை ஓங்கவில்லை. மறுநாள் பாரவண்டி அச்சு முறிந்து அதே மேஸ்திரியின் கால்மேல் சரிகிறது. ஓடிவந்து தோள் கொடுத்தவன் யார்? கதவு! அடியில் கிடந்தபடியே அவனை வைதவன் யார்? மேஸ்திரி! அப்போதும் கதவு சொன்னான்: "நான் புடிச்சிருக்கேன், நீங்க மெதுவா வாங்கண்ணே." அன்பர்களே, அடிக்க ஒரு கை போதும், தாங்க ஆள் முழுதும் வேண்டும்!

கைதட்டலில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள், இன்னும் இருக்கிறது. மாடிச் சுவருக்கு வெள்ளையடிக்க, போன வாரம் நூலகத்தில் இரும்பு அலமாரியை நகர்த்தினார்கள், புத்தகங்களை இறக்காமலே! அது முன்பக்கம் சாய்ந்தது. அடியில் குனிந்திருந்தவர் நம் நூலகர். வாசகனாக உட்கார்ந்திருந்த எனக்குக் கை கால் ஓடவில்லை. சத்தம் கேட்டுப் படியேறி ஓடிவந்தார் ஒருவர். முந்தின நாள்தான் அம்மையார் அவரை எல்லார் முன்னிலையிலும், "உடம்பு வளந்த அளவுக்கு அறிவு வளரலையே!" என்று சொல்லியிருந்தார். அவர் முதுகைக் கொடுத்தார்; அலமாரி நின்றது. பயத்தில் அம்மையார், "வழியை அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்களே!" என்று அதற்கும் திட்டினார். அவர் சொன்னார்: "நான் புடிச்சிருக்கேன், நீங்க மெதுவா வாங்கம்மா."

யார் அவர்? நம் தலைவர் ஏன் இப்போது மேசையில் இல்லாத தூசியைத் துடைக்கிறார்?

என்ன ஐயா, மூன்றாம் வரிசை? நாவலைப் படித்துவிட்டுச் சொல்லியிருப்பார் என்கிறீர்களா? தலைவர் அவர்களே, படித்தீர்களா? "அவ்ளோ குண்டு புஸ்தகத்தை யாருங்க தூக்குறது?" என்கிறார்!

படிக்காமலே கதவாக வாழ்ந்தவரே! பயந்தா பொறுத்தீர்கள்? பதில் தெரியாமலா பொறுத்தீர்கள்? பலம் இருந்தது, பொறுத்தீர்கள்! உங்களைப் பார்த்து எந்தப் பையன் தொடைநடுங்கினான்?

சற்றுப் பொறுங்கள். தலைவர் எழுந்துவிட்டார், ஓவியரைக் கூப்பிடுகிறார். "தம்பி, ஏணியை எடுப்பா. நல்லா அகலமா வரையணும். வாசல் மறையணும்ல!"

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. நின்று கேட்ட கால்களுக்கும், நிறுத்தாமல் தட்டிய கைகளுக்கும் என் நன்றி. வெளியே போகும்போது ஏணியில் இடித்துக்கொள்ளாதீர்கள். வணக்கம்!