கூட்டத்தைக் கேள்வி கேட்காத டாக்டர்

தலைவர் அவர்களே! கண்கலங்கி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

மாட்டு டாக்டர் கங்கப்பன் போய்விட்டார். ஒரே ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை பார்த்த நான் என்ன சொல்லி ஆறுவேன்?

போன வருஷம் மழை பொய்த்தபோது இந்த ஊரில் மாடுகள் அடுத்தடுத்துச் செத்தன. நினைவிருக்கிறதா? தோலுக்காக விஷம் வைத்துவிட்டான் என்று தோல் வியாபாரி பஷீர் அஹமதுவின் வீட்டைச் சூழ்ந்தீர்களே, நினைவிருக்கிறதா? கங்கப்பன் உங்களோடு வாதாடினாரா? இல்லை! எல்லாருக்கும் மேலாகக் கத்திய சென்றாயனின் தோளைத் தொட்டு, "அண்ணா, செத்த மாட்டை அறுக்கணும். காலைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க, வாங்க" என்றார். கைக்கு வேலை வந்ததும் சென்றாயனின் வாய் ஓய்ந்தது.

மாட்டின் வயிற்றில் இருந்தது என்ன? வாடிய இளஞ்சோளப் பயிர்! அது மாட்டுக்கு விஷம். எந்த வயலில் மேய்ந்தது என்று அவர் கூட்டத்தைக் கேட்கவில்லை. அடுத்தவன் வயலில் மாட்டை விட்டேன் என்று நாலு பேர் முன்னால் யார் சொல்வார்? ஒவ்வொருவரையும் தொழுவத்துக்குள் தனியாக அழைத்துக் கேட்டார். ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டார்கள். பஷீர் பிழைத்தார்.

"எல்லாரும் ஒரே வார்த்தையச் சொன்னா, பாத்தவன் ஒருத்தன்தான். இல்லாட்டி யாருமே பாக்கல" என்பார் என்னிடம்.

அப்பேர்ப்பட்டவர் எப்படி இறந்தார்? வேப்பனப்பள்ளிப் பக்கம் நோயில் செத்த மாட்டைச் சோதிக்கப் போனார். கைக்கீறல் வழியாக ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோய் ஏறியது. கையில் கருத்த புண், பிறகு காய்ச்சல். வைத்தியம் பார்த்த டாக்டர் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் இந்தப் பந்தலுக்குள் நுழைகையில் நான் கேட்டது என்ன? "பஷீர் வூட்ல அவரு குடிச்ச மோர்ல என்னமோ கலந்துட்டாங்க." வாசலில் அதே பேச்சு, தண்ணீர்ப் பானையருகே அதே பேச்சு. சென்றாயண்ணா, உங்கள் வாயிலும் வார்த்தை மாறாமல் அதே பேச்சு! புண் முதலில் வந்ததா, மோர் முதலில் குடித்தாரா? அவர் மனைவி முனிலட்சுமி அம்மாள் இதோ உட்கார்ந்திருக்கிறார். ஒருவராவது அவரைக் கேட்டீர்களா?

கங்கப்பனின் வேலையைத் தொடர்வேன் என்று சபையில் வாக்குக் கொடுப்பது வழக்கம். கொடுக்கிறேன். நாளைக் காலை வீடு வீடாக வருவேன், தனித்தனியாகக் கேட்பேன். பலிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களைப் பிரித்து நிறுத்தும் சாமர்த்தியம் அவரோடு போய்விட்டது.

கும்பிட்டுக் கேட்கிறேன், கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போங்கள். சேர்ந்து போகாதீர்கள். சேர்ந்து போனால் பஷீர் வீட்டு வழியாகத்தான் போவீர்கள்.