சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்து. என் முன் இருக்கையில் இரண்டு மெக்கானிக்குகள்.

“எலுமிச்சம்பழந்தான் மச்சான் பெட்டியக் கவுத்துச்சு” என்றார் கையில் கட்டுப் போட்டிருந்தவர்.

“எந்தப் பெட்டி?”

“ஷெட்டுக்குப் புதுசா வாங்குன டூல்ஸ் பெட்டி. சக்கரம் இருக்குதேன்னு மொதலாளி பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் பழம் வெச்சிட்டாரு. நான் தள்ளுனேன். குட்டிச் சக்கரம், பழத்து மேல ஏறல. மேல் டிராயர் தெறந்துக்கினு பெட்டி சாஞ்சிச்சு. புடிக்கப் போயி கை மாட்டிக்கிச்சு.”

“ஸ்பேனரெல்லாம் எங்க அடுக்குன?”

“மேலதான்.”

“கனமானதெல்லாம் கீழ வெச்சு, டிராயரப் பூட்டிக்கினு இல்ல தள்ளணும்?”

“இப்ப அப்படித்தான் வெச்சிருக்கேன். நாளைக்கு மறுபடியும் பூசையாம்.”

“பழம்?”

“வெக்கணும்னாரு. அப்ப நீங்களே தள்ளுங்கன்னேன். கற்பூரம் மட்டும் போதும்னுட்டாரு.”