இருட்டறைக்குப் பிளாஸ்மா

டி.வி. வாங்கப் போகிறவர்கள் கடையைத்தான் பார்க்கிறார்கள். முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும், தம்பி. வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது, யார் எங்கே இருந்து பார்ப்பார்கள், சுவருக்குள் ஒயர் எப்படி ஓடுகிறது, இதெல்லாம் தெரியாமல் எல்.சி.டி.யா பிளாஸ்மாவா என்று கேட்டால் விற்பவருக்கு எது லாபமோ அதைத் தலையில் கட்டிவிடுவார். எனக்கு வாய்த்தவர் நல்ல மனிதர். உள்ளதைச் சொன்னார். போலீஸ் என்று போய் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

என் கணவன் டெஸ் போன குளிர்காலத்தில் பக்கவாதத்தில் விழுந்தான். பேச்சு போனது, வலது பக்கம் போனது. இடது கைச் சுட்டுவிரலும் கண்களும் மட்டும் மிஞ்சின. முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டு அவனை அதில் கிடத்தினோம். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு பழைய டி.வி.யும் படுத்துவிட்டது. போர்ட் அகஸ்டாவில் அந்த வாரம் எந்தக் கடைக்குப் போனாலும் சுவர் நிறையத் தட்டை டி.வி.க்கள்தான்.

"உங்க வீடு வெளிச்சமா, இருட்டாங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இருட்டு. என் வீட்டுக்காரருக்குத் திரையில வெளிச்சம் பட்டா ஆகாது. கல்யாணமான நாள்லேருந்து நான் ஜன்னலைத் தொறந்ததில்ல."

"அப்பப் பிளாஸ்மாதாங்க. கறுப்பு கறுப்பாவே தெரியும். பந்து ஓடுறப்ப வால் மாதிரி இழுக்காது. ஆனா ஒண்ணு, கரண்டை நல்லாத் திங்கும், சூடும் கக்கும். ரூமுல சின்ன ஹீட்டர் வெச்ச மாதிரிதான். ஒயரிங் பழசுன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காமிச்சிருங்க. எல்.சி.டி.ல அவ்வளவு தொல்லை இல்ல. வெளிச்சத்துலயும் நல்லாத் தெரியும்."

இரண்டையும் ஓட விடச் சொன்னேன். எல்.சி.டி.யின் பின்னால் கையை வைத்தேன், வெதுவெதுப்பு. பிளாஸ்மாவின் பின்னால் வைத்தேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி மாதிரி இருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நான் படத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

"பிளாஸ்மாவே குடுங்க," என்றேன். "அவருக்கு எப்பவும் அதுலதான் ஆசை."

அது பொய்யில்லை. விழுவதற்கு முன்னால் கிளப்பில் பீர் குவளையும் கையுமாக அவன் சொல்வான், "எல்.சி.டி. பொம்பளைங்களுக்குடா. ஆம்பளை பாக்குறது பிளாஸ்மா." கேட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் விசாரிக்கலாம்.

பக்கத்து வீட்டு மெர்வ் தன் பிக்கப் வண்டியில் ஏற்றி வந்தான். பிளாஸ்மாவைப் படுக்க வைக்கக் கூடாதாம். அதனால் அதை நிற்க வைத்து, நான்கு பக்கமும் கயிறு கட்டிக் கொண்டுவந்தோம். டெஸ்ஸுக்குக்கூட அவ்வளவு பக்குவம் பார்த்ததில்லை. கட்டிலுக்கு நேரே, காலடியில், முகத்தில் அடிப்பது போல் அதை நிறுத்தினோம்.

"நோலின், உன்னை மாதிரிப் பொண்டாட்டி கெடைக்க இந்தக் கெழவன் குடுத்து வெச்சிருக்கணும்," என்றான் மெர்வ். "என் வீட்டுக்காரியா இருந்தா என்னையத் தூக்கிக் குப்பைமேட்டுல கொட்டிட்டு, வர்ற வழியில தலைமுடி வெட்டிக்கிட்டு வந்திருப்பா."

நானும் சிரித்தேன். ஊர் முழுக்க என்னை மெச்சியது. டெஸ்ஸின் அக்கா கோரல், வாயிலிருந்து நல்ல வார்த்தையே வராதவள், அவள்கூட என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

இப்போது ஒயர். அதைத்தானே கேட்கிறீர்கள்? முன்னறைக்கு ஒயர் இழுத்தது டெஸ். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது கையாலாகாதவன் வேலை என்பான். ஒரு சனி ஞாயிறில், பீர் குடித்துக்கொண்டே, சட்டத்துக்குப் புறம்பாக, ஏசியையும் அறையின் எல்லாப் பிளக்கையும் ஒரே ஒயரில் கோத்துவிட்டான். ஏசி ஓடும்போது நான் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். "கரண்டு கூட உன் மூஞ்சியைப் பாத்தா ஓடிப்போகுது பாரு," என்பான். அதனால் ஏசி ஓடாத நேரம் பார்த்து இஸ்திரி போடப் பழகிக்கொண்டேன். அந்த அறையில் எதோடு எது சேராது என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

ஜனவரி கடைசியில், நம் ஆஸ்திரேலியக் கோடையின் நடுவில், அந்த வெயில் வந்தது. உங்களுக்கே தெரியும், தார் ரோடு செருப்பில் ஒட்டியது. எல்லோரையும் போல நானும் காலையிலேயே வீட்டைச் சாத்தித் திரைகளை இறக்கிவிட்டேன். கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. இங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான், டி.வி.யின் சத்தத்தை அடைத்துவிட்டு ரேடியோவில் வர்ணனை வைத்தேன். திங்கட்கிழமை ஏசியும் பிளாஸ்மாவும் சேர்ந்து கொஞ்ச நேரம் ஓடின. பிறகு ஃபியூஸ் போனது. மெர்வ் வந்து புதுக் கம்பி போட்டான்.

"ரெண்டுல ஒண்ணுதான் ஓடும் போலிருக்கே," என்றான் அவன்.

"டெஸ்," என்று நான் கேட்டேன், மெர்வ் பக்கத்தில் நிற்கும்போதே. "ஏசி வேணுமா, கிரிக்கெட் வேணுமா?"

விரல் டி.வி.யைக் காட்டியது. மெர்வ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாத்தியா, எமன் வந்தாக்கூட ஓவர் முடியட்டும்னு சொல்லுவான்."

அது அவன் எடுத்த முடிவு. மெர்வ் அதற்குச் சாட்சி. சமையலறைக்குத் தனி ஒயர் இருக்கிறதே, அங்கிருந்து நீள ஒயர் இழுத்திருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். ஷெட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று கிடக்கிறது, கிறிஸ்துமஸ் விளக்குக்குப் போடுவது. எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னேன். தோன்றியது, தம்பி. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில் வேறொன்று சொல்ல வேண்டும். எழுபத்தொன்றாம் வருஷம், கால்பந்து இறுதிப் போட்டி நாள். எனக்கு ஏழு மாதம். மதியம் வலி எடுத்தது, ரத்தம் போனது. வீட்டில் போன் இல்லை. கார்ச் சாவி அவன் சட்டைப்பையில். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, போகலாம் என்றேன்.

"கடைசிக் கால் பாகம்தான் பாக்கி," என்றான் அவன், டி.வி.யிலிருந்து திரும்பாமலே. "ஆட்டம் முடிஞ்சு சைரன் அடிக்கட்டும், போலாம். கொஞ்சம் பொறு."

பொறுத்தேன். கத்திக் கூப்பாடு போடுகிற வளர்ப்பில்லை என்னுடையது. சைரன் அடித்தது, கோப்பையைக் கொடுக்கிறதையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான். பெண் குழந்தை. அழவில்லை. ரோசலி என்று பெயர் வைத்தேன், மனதுக்குள். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை.

அதை நான் மறந்திருப்பேன். மறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவன் அதைக் கதையாக்கிவிட்டான். ஒவ்வொரு இறுதிப் போட்டிக்கும் நண்பர்கள் கூடும்போது சொல்வான், "என் பொண்டாட்டி மாதிரி வராதுடா. பிரசவ வலியவே சைரன் அடிக்கிற வரைக்கும் அடக்கி வெச்சிருந்தவ." எல்லோரும் சிரிப்பார்கள். நான் தட்டில் சாசேஜ் ரோல் வைத்து நீட்டுவேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குக் கிடைத்தது சமையலறை.

புதன்கிழமைக்கு வருகிறேன். அன்றுதான் வெயிலின் உச்சம். சாத்திய அறை, இறக்கிய திரை, காலடியில் பிளாஸ்மா. ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மெர்வுக்கு வர்ணனை கேட்டுக்கொண்டே இருக்கும், எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று இருப்பான். இருந்தான்.

மதிய உணவு இடைவேளையில் டெஸ்ஸுக்குத் தண்ணீர் கொடுத்தேன். நான் கல் நெஞ்சக்காரி இல்லை. கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அவன் விரல் எழுந்தது. இந்தத் தடவை அது டி.வி.யைக் காட்டவில்லை. ஜன்னலுக்கு மேலே இருந்த ஏசிப் பெட்டியைக் காட்டியது. முகம் சிவந்திருந்தது, வியர்வை நின்று தோல் காய்ந்திருந்தது. அவன் கண்கள் என் முகத்துக்கும் ஏசிக்குமாகப் போய்ப் போய் வந்தன. இத்தனை வருஷத்தில் டி.வி. ஓடும்போது அவன் என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

"தேநீர் இடைவேளை வரட்டும், டெஸ்," என்றேன். "கொஞ்சம் பொறு."

அவனுக்குப் புரிந்தது. பக்கவாதம் பேச்சைத்தான் எடுத்தது, புத்தியை எடுக்கவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

சமையலறைக்குப் போனேன். அங்கே மின்விசிறி இருக்கிறது. தேநீர் இடைவேளை வந்தபோது எனக்கு ஒரு கோப்பை போட்டுக்கொண்டேன். விரல் இன்னும் எழுந்துதான் இருந்தது, கதவிடுக்கில் பார்த்தேன். அன்றைய ஆட்டம் முடிந்து ரேடியோவில் எல்லோரும் விடைபெற்ற பிறகு உள்ளே போனேன். அப்போது விரல் போர்வைமேல் இருந்தது. பிளாஸ்மாவை அணைத்தேன். ஏசியைப் போட்டேன். பிறகு மெர்வைக் கூப்பிட்டேன். அந்த வாரம் ஊரில் வயதானவர்கள் பலர் போனதால் டாக்டரும் ஒன்றும் கேட்கவில்லை.

கோரல் உங்களிடம் வந்ததற்குக் காரணம் அந்த எல்.சி.டி. தெரியும். வியாழக்கிழமை காலையில் துக்கம் விசாரிக்க வந்தவள் வாசலில் நிற்கும்போதே, கடை வண்டி வந்து புது டி.வி.யை இறக்கியது. "தம்பி செத்து ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள இதுக்கு எப்படிடீ போய்ச் சொன்னே?" என்று கேட்டாள். அதைத் திங்கட்கிழமையே சொல்லியிருந்தேன், மெர்வ் ஃபியூஸ் போட்டுவிட்டுப் போன கையோடு. எந்த நாள் கொண்டுவரட்டும் என்று கடையில் கேட்டார்கள். புதன்கிழமை வெயில் உச்சம் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். நான் வியாழக்கிழமை என்றேன். வெளிச்சமான அறைக்கு அதுதான் நல்லது; ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

கொடுமைக்காரி என்று கோரல் சொல்கிறாள். நீங்களும் என்னை அப்படித்தான் பார்க்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், தம்பி. அவன் எனக்குச் செய்ததைவிட நான் அவனுக்கு அதிகம் செய்திருக்கிறேன். நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தபோது எனக்குப் பார்க்கக் கிடைத்தது அவன் முதுகுதான். அவனுக்காவது நல்ல படம் இருந்தது.